ரோடு ஆலையின் கிடங்கு அல்ல!

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், கூலி, போனஸ் என்று பேசுகிற மேடையில் இன்று லாரி நிற்கிற இடத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். "இதற்கென்று ஒரு கூட்டமா?" என்று சிலர் கேட்கக்கூடும். அவர்களுக்கு ஒரு கணக்கைச் சொல்கிறோம். 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு இது. இவர்களில் கால்நடையாகப் போனவர்கள் மட்டும் 32,825 பேர். நடந்து போகிறவர்கள் யார்? ஷிப்டு முடிந்து வீடு திரும்புகிறவன், களையெடுக்கப் போகிறவள், பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. ஆகவே இது நம்முடைய உயிர்ப் பிரச்னை.

ஆலை வாசலைப் பாருங்கள். பஞ்சு கொண்டுவந்த லாரி, நூல் ஏற்றக் காத்திருக்கிற லாரி, ஆட்களை ஏற்றி வருகிற காண்டிராக்ட் பஸ், எல்லாம் ரோட்டின் இரு பக்கமும் வரிசையாக நிற்கின்றன. இரவு ஷிப்டு விடுகிறது. சைக்கிளும் ஆட்களும் நடு ரோட்டில்தான் போக வேண்டும். எதிரே வருகிற பஸ்காரருக்கு லாரி மறைவிலிருந்து வருகிற ஆள் தெரிவதில்லை.

ஆலைக் காம்பவுண்டுக்குள் இடம் இல்லையா? இருக்கிறது. ஆனால் உள்ளே நிறுத்தினால் அந்த இடத்தை வேறு எதற்கும் பயன்படுத்த முடியாது. வெளியே நிறுத்தினால் காலணா செலவில்லை. நம் வரிப்பணத்தில் போட்ட ரோடு, ஆலைக்கு வாடகையில்லாத கிடங்காகிவிட்டது. லாபம் அவர்களுக்கு, அபாயம் நமக்கு!

இதற்காக லாரி டிரைவரோடு சண்டைக்குப் போகாதீர்கள். லோடு இறக்கும் வரை இரவும் பகலும் தண்ணீரில்லாமல், கக்கூஸ் இல்லாமல் காத்துக் கிடக்கிற அவரும் நம்மைப் போன்ற உழைப்பாளிதான். உள்ளே லாரி நிற்க இடம் கொடு, டிரைவருக்கும் கிளீனருக்கும் வசதி செய்து கொடு என்று கேட்டால் அவரும் நம் பக்கம் வருவார்.

சரி, யாரிடம் கேட்பது? நகராட்சியிடம் கேட்டால் போலீசைக் கை காட்டுகிறார்கள். போலீசிடம் கேட்டால் நகராட்சியைக் கை காட்டுகிறார்கள். இந்தப் பந்தாட்டத்தை நிறுத்த, சட்டத்தை நாமே தெரிந்துகொள்ள வேண்டும்.

1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் 115-வது பிரிவு, ஜனங்களின் பாதுகாப்புக்காக ஒரு ரோட்டில் இன்ன வகை வண்டி இன்ன நேரத்தில் வரக்கூடாது என்று தடை விதிக்க மாநில சர்க்காருக்கும் அது அதிகாரம் அளித்தவர்களுக்கும் இடம் தருகிறது. தடை ஒரு மாதத்துக்கு மேற்படாதென்றால் கெஜட் அறிவிப்புக்கூட வேண்டியதில்லை. உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும். வண்டி நிற்குமிடத்தை நிர்ணயிப்பது 117-வது பிரிவு. அதை உள்ளாட்சியுடன் கலந்துதான் செய்ய வேண்டும். 1993-இல் அமலுக்கு வந்த அரசியல் சட்டத்தின் 74-வது திருத்தமும் வண்டி நிறுத்துமிடம், பஸ் நிறுத்தம் ஆகியவற்றை நகராட்சிகளின் பட்டியலில் வைத்திருக்கிறது. ஆகவே "எங்களுக்குச் சம்பந்தமில்லை" என்று நகராட்சி கைகழுவ முடியாது.

ஆனால் உத்தரவு வந்துவிட்டால் மட்டும் போதுமா? திம்பம் மலைப்பாதையை நினைத்துப் பாருங்கள். புலிகள் காப்பகத்தின் வழியாகப் போகிற அந்தப் பாதையில் இரவு நேரத்தில் வண்டிகளைத் தடை செய்து ஈரோடு கலெக்டர் 2019 ஜனவரியில் அறிவிப்பு வெளியிட்டார். அது மூன்று வருஷம் காகிதத்திலேயே கிடந்தது. சென்னை ஐகோர்ட் தலையிட்ட பிறகுதான் 2022 பிப்ரவரி 10 முதல் அமலுக்கு வந்தது. வந்தவுடன் தாளவாடி மலைக் கிராமங்களின் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். காய்கறி லோடு எப்படிப் போகும், நோயாளியை எப்படிக் கொண்டுபோவது என்று கேட்டார்கள். போராடினார்கள். பிறகு உள்ளூர் ஜனங்களுக்கு விலக்கு கிடைத்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. காவல் காக்க ஜனங்கள் இல்லாத உத்தரவு தூங்கும். ஜனங்களைக் கேட்காமல் போட்ட உத்தரவு ஜனங்களையே அடிக்கும்.

இந்த இரண்டாவது பாடத்தை மறக்கவே கூடாது. "போக்குவரத்தைச் சீர் செய்கிறோம்" என்று அதிகாரிகள் கிளம்பினால், லாரியை விட்டுவிட்டு முதலில் எதைத் தூக்குவார்கள்? வாசலில் இட்லி விற்கிற அம்மாவின் தள்ளுவண்டியை! 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுத்துச் சான்றிதழ் கொடுத்து முடிக்கும் வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது. நகர விற்பனைக் குழுவில் வியாபாரிகளின் பிரதிநிதிகள் 40 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. ஆகவே நம் மனுவிலேயே எழுதிவிட வேண்டும்: தடை கனரக வண்டிக்கு, தள்ளுவண்டிக்கு அல்ல.

மனு எப்படி இருக்க வேண்டும்? "போக்குவரத்து நெரிசலாக உள்ளது, ஆவன செய்க" என்று எழுதினால் அது கட்டில் போய்ச் சேரும். முதலில், ரோடு நகராட்சியுடையதா, நெடுஞ்சாலைத் துறையுடையதா என்று விசாரியுங்கள். பிறகு ஒரு வாரம், ஷிப்டுக்கு இரண்டு தோழர்கள் நோட்டும் கையுமாக நின்று, எத்தனை லாரி, எவ்வளவு நேரம், எந்தப் பக்கம் நின்றது என்று எழுதுங்கள். அந்தக் கணக்கை வைத்து மனு எழுதுங்கள். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை, எந்த மணியிலிருந்து எந்த மணி வரை, எந்த வண்டிக்குத் தடை, அந்த வண்டி வேறு எங்கே நிற்பது, யாருக்கு விலக்கு என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். முதலில் ஒரு மாதம் சோதனையாகச் செய்து பாருங்கள் என்று கேளுங்கள். அப்போது கெஜட்டைக் காட்டித் தட்டிக்கழிக்க முடியாது.

நகராட்சிக் கமிஷனருக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று கொடுங்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் ஒன்று கொடுங்கள். ரசீது வாங்காமல் வராதீர்கள். பதில் இல்லையென்றால், மனு எந்த மேஜையில் கிடக்கிறது என்று 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி கேளுங்கள். 30 நாளில் சொல்லியாக வேண்டும். வார்டு கவுன்சிலரிடம் போய், மன்றத்தில் தீர்மானம் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கிராமத்துத் தோழர்களே! உங்கள் பள்ளிக்கூடத்து வாசலில் ஜல்லி லாரி பறக்கிறது. விளக்கில்லாத கரும்பு டிராக்டர் இருட்டில் ரோட்டோரம் நிற்கிறது. வேக வரம்பு விதிக்க 112-வது பிரிவு இருக்கிறது. மே 1-ஆம் தேதி கிராம சபை கூடும் நாள். உழைப்பாளிகளின் தினத்தில் உழைப்பாளிகள் அங்கே நிறைந்திருக்க வேண்டாமா? தீர்மானத்தைச் சொல்லி எழுதவைத்து, நகல் வாங்கி, கலெக்டருக்கு அனுப்புங்கள்.

பலகை நட்ட அன்றைக்கு வேலை முடிந்துவிடாது. நட்ட பலகை மறுநாளும் நிற்கிறதா, லாரி நிற்கவில்லையா என்று பார்க்கிற வேலை சங்கத்தின் வேலை. அடுத்த ஞாயிறு காலை சங்க ஆபீசில் நோட்டுகள் தயாராக இருக்கும். ஷிப்டுக்கு இருவராகப் பெயர் கொடுங்கள். திங்கள் முதல் கணக்கெடுப்போம்!