துடைக்கிறவன் கண்

(முன்னாள் மாணவர் மறுசந்திப்பு விழாவில் ஆற்றிய உரை)



"உங்க அனுபவத்துல ஏதாவது பேசுங்க" என்றார் சங்கச் செயலாளர். காருக்குள் குப்பை எடுப்பதைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

2023 மே மாதம் குடும்பத்தோடு ஏற்காடு போய்விட்டுச் சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதை. ஒரு வளைவுக்கு முன்னால் பிரேக்கை மிதித்தால், பெடல் பாதியில் நின்றுவிட்டது. சீட்டுக்கு அடியிலிருந்து உருண்டு வந்த தண்ணீர் பாட்டில் பெடலுக்குக் கீழே மாட்டியிருந்தது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து, மலைப்பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். பின்சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை. வெளியே பாலிஷ் போட்டுப் பளபளவென்று நான் வைத்திருந்த கார் அது!

அன்று இரவு நம் ஒர்க்‌ஷாப் சார் நினைவுக்கு வந்தார். லேத் வேலை முடிந்ததும் இரும்புச் சுருள்களைப் பிரஷ்ஷால் தள்ளி, மெஷினைத் துடைத்து, எண்ணெய் போட்டால்தான் ரெக்கார்டில் கையெழுத்துப் போடுவார். "கூட்டுற வேலை எங்களுக்கா சார்?" என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன். "துடைக்கிறவன் கண்ணுக்குத்தான்டா விரிசல் தெரியும்" என்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாக்குவம் கிளீனரை எடுத்தேன். இந்தக் கருவிக்குப் பின்னாலும் ஓர் எஞ்சினியர் இருக்கிறார். இங்கிலாந்தின் ஹூபர்ட் செசில் பூத், தூசியை ஊதித் தள்ளும் இயந்திரம் ஒன்றைப் பார்த்துவிட்டு, உறிஞ்சினால் என்ன என்று யோசித்தார். நாற்காலியின் மேல் கைக்குட்டையை வைத்து வாயால் உறிஞ்சிப் பார்த்தார். கைக்குட்டையில் அழுக்கு ஒட்டியது. 1901-ல் காப்புரிமை பெற்றார்.

உள்ளே அழுத்தம் குறைவதால் வெளிக்காற்று பாய்கிறது; அந்தக் காற்றோட்டம்தான் குப்பையை அள்ளிப் போகிறது. ஆகவே ஃபில்டர் அடைத்திருந்தால் மோட்டார் எவ்வளவு கத்தினாலும் பயனில்லை. முதலில் அதைத் தட்டிச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு காரில் உள்ள பொருள்களையும் மேட்டுகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். மேலிருந்து கீழே வாருங்கள்: டாஷ்போர்டு, சீட், கடைசியில் தரை. ஏ.சி. துவாரத் தூசியைப் பெயிண்ட் பிரஷ்ஷால் கிளப்பி, பக்கத்திலேயே குழாயைப் பிடியுங்கள். சீட்டை முழுக்க முன்னே தள்ளிப் பின்பக்கத்தையும், பின்னே தள்ளி முன்பக்கத்தையும் எடுங்கள். கார்ப்பெட்டில் புதைந்த மணல் நூலை அறுக்கும் உப்புத்தாள் மாதிரி; பிரஷ்ஷால் தேய்த்துக் கிளப்பினால்தான் வரும். ஈரத்துணி கடைசியில்தான். முதலிலேயே நனைத்தால் தூசி சேறாகிவிடும். சீட்டுக்கு அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் தொடாதீர்கள். பெரும்பாலும் அது ஏர்பேக் சம்பந்தப்பட்டது.

எனக்குக் கிடைத்தவை: வேர்க்கடலைத் தோல், மூன்று ரூபாய் சில்லறை, இன்னொரு காலி பாட்டில். டிரைவர் பக்க மேட்டின் கொக்கி உடைந்து, மேட் ஆக்சிலரேட்டர் பக்கம் நகர்ந்திருந்தது. இடப்பக்க முன்சீட்டில் கால் வைக்கும் இடத்தில் கார்ப்பெட் ஈரமாக இருந்தது. ஏ.சி.யில் சேரும் தண்ணீர் ஒரு சிறு குழாய் வழியாகக் காருக்கு அடியில் சொட்ட வேண்டும். அந்தக் குழாய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் உள்ளேயே வடிந்திருக்கிறது. "ஏதோ பூஞ்சை வாடை அடிக்குதுங்க" என்று மனைவி ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் என்ன செய்தேன்? சென்ட் பாட்டில் வாங்கி மாட்டினேன்! எஞ்சினியர் அல்லவா!

குழாய் அடைப்பை எடுத்து, கதவுகளைத் திறந்துவைத்து வெயிலில் காயப்போட்டேன். மேட்டுக்குப் புதுக் கொக்கி போட்டேன். பாட்டில்களுக்குக் கதவுப் பையைத் தவிர வேறு இடம் இல்லை என்பது இப்போது எங்கள் வீட்டுச் சட்டம்.

தம்பி தங்கைகளே, சுத்தம் செய்வது கௌரவக் குறைவான வேலை அல்ல. அது பரிசோதனை. கையில் துணி இருக்கும்போது கண் பார்ப்பதை, செக் லிஸ்ட் பார்க்காது. நாளை எந்த மெஷின் உங்கள் பொறுப்பில் வந்தாலும் ஒருமுறையாவது நீங்களே துடையுங்கள்.

அன்று முணுமுணுத்ததற்காக அந்த ஒர்க்‌ஷாப் சாரிடம் இந்த மேடையில் மன்னிப்புக் கேட்கிறேன்.