வாவிக்கரையும் வழிகாட்டும் கருவியும்



மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஞாயிறு எழும் திசையிலே கிடப்பது எழுவான்கரை. ஞாயிறு படும் திசையிலே கிடப்பது படுவான்கரை. எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பிலே ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கின்றன. படுவான்கரையிலோ வயலும் குளமும் காடும் விரிந்து கிடக்க, அவற்றினூடே ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு கரையில் ஏற்றிய விளக்கு மறுகரையிலே தெரியும். ஆயினும் அவ்விளக்கை அடைவதற்குப் பாலத்தைத் தேடிப் பல கிலோமீற்றர் சுற்றிச் செல்ல வேண்டியிருக்கும். கண்ணுக்கு அண்மையாகவும் காலுக்குச் சேய்மையாகவும் இருப்பதே வாவிக்கரையின் இயல்பு.

கல்லடியிலே 1928 ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மன்னிங் சீமாட்டி பாலத்தின் அருகே 2013 இல் புதிய பாலம் எழுந்தது. நெடுங்காலம் ஓடத்தையே நம்பியிருந்த மண்முனைத் துறையில் 2014 இல் பாலம் அமைந்தது. வலையிறவிலும் பட்டிருப்பிலும் பாலங்கள் உண்டு. இப்பாலங்களைக் கடந்து நாள்தோறும் படுவான்கரைக்குச் செல்வோர் பலர். பாடசாலை ஆசிரியர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், விவசாய உத்தியோகத்தர்கள், மீன் வியாபாரிகள் ஆகிய இவர்களுக்கெல்லாம் மோட்டார் சைக்கிளே துணை. பழகிய வழியிலே செல்பவருக்குக் கருவி எதுவும் வேண்டுவதில்லை. ஆனால், வேறு மாவட்டத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த குடும்பநல உத்தியோகத்தர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். மாரிகாலம், மார்கழி மாதம், மாலை ஆறு மணிக்கு முன்பே இருள் கவிகின்றது. வயல் நடுவிலுள்ள குடியேற்றத்திலே பிள்ளை பெற்று ஐந்து நாளான தாயொருத்தியைப் பார்க்க வேண்டும். சந்தியிலே மூன்று வழிகள் பிரிகின்றன. பெயர்ப்பலகை இல்லை, கேட்பதற்கு ஆளும் இல்லை. இத்தகைய ஒருவர், தம் சம்பளத்துக்கு அடங்கிய விலையில், வழிகாட்டும் கருவியொன்றை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் அக்கருவி எவ்வாறு தொழிற்படுகின்றது என்பதை அறிதல் நலம். ஜீ.பீ.எஸ். என வழங்கும் அமெரிக்க ஒழுங்கின் செய்மதிகள் நிலத்திலிருந்து ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில், நாளொன்றுக்கு இருமுறை பூமியை வலம் வருகின்றன. அவை ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் உண்டு. தாம் இருக்கும் இடத்தையும் செய்தி புறப்பட்ட நேரத்தையும் அவை ஓயாது ஒலிபரப்பிக்கொண்டே இருக்கின்றன. அச்செய்தி வந்துசேர எடுத்த நேரத்தைக்கொண்டு, செய்மதியின் தூரத்தைக் கருவி கணிக்கின்றது. இவ்வாறு நான்கு செய்மதிகளின் செய்தி கிட்டினால், தான் நிற்கும் இடம் இதுவெனக் கருவி துணிகின்றது. உருசியா, ஐரோப்பா, சீனம் ஆகியனவும் இத்தகைய செய்மதிகளை இயக்குகின்றன. இன்றைய கருவிகள் பலவும் இவற்றின் செய்திகளையும் சேர்த்தே கேட்கின்றன.

இதிலே நேயர்கள் மனங்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. வானொலி நிலையத்தின் ஒலிபரப்பை ஆயிரம் வீடுகளிலே கேட்டாலும் நிலையத்துக்குக் குறைவு ஏற்படுவதில்லை. கேட்பவரும் ஒவ்வொரு சொல்லுக்கும் காசு கொடுப்பதில்லை. செய்மதியின் செய்தியும் அத்தகையதே. அதற்குக் கட்டணம் இல்லை. தொலைபேசிக் கோபுரமும் வேண்டுவதில்லை, இணையமும் வேண்டுவதில்லை. “படுவான்கரையின் உட்பகுதியிலே தொலைபேசித் தொடர்பு அறுந்துவிடும், ஆகவே கைத்தொலைபேசி அங்கு வழிகாட்டாது” எனப் பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மை. தொடர்பு அறுந்தபின்னும் நிற்கும் இடத்தைக் கருவி அறியும். அறுந்துபோவது தேசப்படம் மட்டுமே. அத்தேசப்படத்தை வீட்டிலிருக்கும்போதே கருவிக்குள் இறக்கி வைத்துக்கொண்டால், அந்தக் குறையும் நீங்கிவிடும்.

இவ்வசதி எளியவர் கைக்கு வந்தது அண்மைக் காலத்திலேதான். முதலாவது ஜீ.பீ.எஸ். செய்மதி 1978 இல் ஏவப்பெற்றது. 1989 இல் மகெல்லன் நிறுவனம் பொதுமக்களுக்கென விற்ற கைக்கருவியின் விலை ஏறத்தாழ 3,000 அமெரிக்க டொலர். அக்காலத்தில் படைத்துறையின் நலன் கருதி, பொதுமக்களுக்குக் கிடைக்கும் செய்தியிலே வேண்டுமென்றே பிழை கலக்கப்பட்டது. அப்பிழை 100 மீற்றர் வரை செல்லக்கூடியதாய் இருந்தது. வாவிக்கரையிலே 100 மீற்றர் பிழையென்றால், வீதியில் நிற்பவரைத் தண்ணீரில் நிற்பதாகக் காட்டுவதேயாகும். 2000 ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அப்பிழை நீக்கப்பட்டது. இன்று திறந்த வெளியிலே சாதாரணக் கைத்தொலைபேசியும் ஏறத்தாழ 5 மீற்றர் அளவுக்குச் சரியாக இடத்தைக் காட்டுகின்றது.

இனி, கருவிகளின் வகையைப் பார்ப்போம். மோட்டார் சைக்கிளில் செல்பவர் கைக்கு எட்டக்கூடியவை மூன்று.

முதலாவது, கடலோடிகளும் மலையேறுவோரும் கொண்டுசெல்லும் கைக்கருவி. நீருக்கு அஞ்சாது, சிறிய பற்றரிகளில் நெடுநேரம் இயங்கும், பாவித்த கருவி மலிவாகவும் கிடைக்கலாம். ஆயினும் பழைய கைக்கருவிகள் பலவற்றில் வீதிகள் இல்லை. சேர வேண்டிய இடத்தை நோக்கி ஓர் அம்புக்குறியையே அவை நேராகக் காட்டும். கடலிலே அது போதும். வாவிக்கரையிலோ அந்த அம்பு பாலத்தைக் காட்டாது, தண்ணீரையே காட்டும். குருமண்வெளிக் கரையில் நிற்பவருக்கு மண்டூர் நேர் எதிரே உள்ளது. அவரைப் பட்டிருப்புப் பாலத்தால் சுற்றி அழைத்துச் செல்லும் அறிவு வெறும் அம்புக்கு இல்லை.

பாவித்த பழைய கருவியை வாங்குவோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜீ.பீ.எஸ். செய்தியிலே வாரங்கள் 1,024 வரை எண்ணப்பட்டு, மீண்டும் சுழியத்திலிருந்து தொடங்குகின்றன. அவ்வாறான சுழற்சி 1999 ஆகஸ்டிலும் 2019 ஏப்ரலிலும் நிகழ்ந்தது. புதிய மென்பொருள் ஏற்றப்படாத கருவிகள் சில, அதன்பின் திகதியைப் பிழையாகக் காட்டின. சில செயலிழந்தும் போயின. ஆகவே கடையிலே கருவியை இயக்கி, திறந்த வெளிக்குக் கொண்டுவந்து, அது இன்றைய திகதியைக் காட்டுகின்றதா எனப் பார்த்தபின்னரே காசைக் கொடுத்தல் வேண்டும்.

இரண்டாவது, மோட்டார் சைக்கிளுக்கென்றே அமைக்கப்பெற்ற கருவி. வெயிலிலும் துலங்கும் திரை, மழையைத் தாங்கும் உறை, அதிர்வுக்கு இளகாத தாங்கி, கையுறையோடு தொட்டாலும் இயங்கும் தன்மை ஆகியவை இதன் சிறப்புக்கள். கார்மின் நிறுவனம் 2020 இல் வெளியிட்ட சூமோ எக்ஸ்.டி. இவ்வகையைச் சார்ந்தது. ஆனால் வெளிவந்தபோது அதன் விலை ஏறத்தாழ 500 அமெரிக்க டொலர். மாதச் சம்பளத்திலே வாழ்பவர்க்கு அது எட்டாத கனி. மேலும் இத்தகைய கருவியிலே இலங்கைத் தேசப்படம் உண்டா, உண்டெனில் படுவான்கரையின் சிற்றூர்கள் அதில் உள்ளனவா என்பதையும் கேட்டறிய வேண்டும். விலை உயர்ந்த கருவியும் ஊர் இல்லாத தேசப்படத்தை வைத்துக்கொண்டு வழிகாட்ட முடியாது.

மூன்றாவது, சட்டைப்பையில் இருக்கும் கைத்தொலைபேசி. அல்லது புதியது வாங்கியபின் மேசையறையிலே உறங்கும் பழைய கைத்தொலைபேசி. வாவிக்கரைப் பயணிகளுள் பெரும்பாலோர்க்கு ஏற்றது இதுவே. 2004 இல் தொடங்கப்பெற்ற ஓப்பன் ஸ்ரீற் மப் என்னும் பொதுத் தேசப்படத்தை ஆதாரமாகக்கொண்ட செயலிகள் சில, இலங்கை முழுவதன் படத்தையும் இலவசமாகவே உள்ளே இறக்கித் தருகின்றன. இதற்குச் சிம் அட்டைகூட வேண்டுவதில்லை. செலவெல்லாம் ஒரு தாங்கி, ஒரு மின்னூட்டி, ஒரு மழையுறை ஆகியவற்றோடு முடிந்துவிடும்.

ஆயினும் கைத்தொலைபேசி வீதிக்கென்று படைக்கப்பட்டதன்று. அதன் குறைகள் நான்கு.

ஒன்று வெப்பம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நண்பகல் வெயிலிலே கைபிடியில் மாட்டிய தொலைபேசி சூடேறித் தானாகவே அணைந்துவிடுவதுண்டு. இரண்டாவது மழை. நீர்காப்பு அளவைக் குறிக்கும் ஐ.பீ.எக்ஸ். 7 என்னும் குறி, ஒரு மீற்றர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதைக் குறிக்கும். அது இல்லாத தொலைபேசிக்கு உறை இன்றியமையாதது. மூன்றாவது அதிர்வு. வலுமிக்க மோட்டார் சைக்கிள்களின் அதிர்வு தன் தொலைபேசிகளின் ஒளிப்படக் கருவியைக் கெடுக்கக்கூடும் என அப்பிள் நிறுவனமே 2021 செப்டெம்பரில் எச்சரித்தது. சிறிய வண்டிகளுக்கும் அதிர்வைத் தணிக்கும் தாங்கி நல்லதென அது கூறிற்று. பழைய தொலைபேசியைப் பயன்படுத்துவோருக்கு இவ்வச்சம் குறைவு. நான்காவது மின்சாரம். திரை எரிந்துகொண்டே இருந்தால் தொலைபேசியின் பற்றரி விரைவில் இறங்கிவிடும். வண்டியின் 12 வோல்ற்று மின்னை 5 வோல்ற்றாக்கித் தரும் சிறிய மின்னூட்டியொன்றை நல்ல மின்வினைஞரைக்கொண்டு பொருத்துதல் நலம்.

விலையை விசாரிப்பதற்கு முன் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. கருவியில் இணையத் தொடர்பை அணைத்துவிட்டு, “கொக்கட்டிச்சோலை” எனத் தமிழிலே எழுதித் தேடிப் பாருங்கள். ஆங்கில எழுத்திலே நம் ஊர்ப்பெயர்கள் ஒவ்வொரு பலகையில் ஒவ்வொரு விதமாக எழுதப்படுகின்றன. களுவாஞ்சிக்குடியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதும் விதம் ஒன்றல்ல. தமிழில் தேடியும் ஊர் கிடைத்து, இணையமின்றியும் அங்கு செல்லும் வழி தோன்றுமாயின், அக்கருவி இவ்விடத்துக்கு உதவும். தோன்றாவிடில், எத்துணை மலிவாயினும் அது வீண்.

இணையமில்லாத இடத்திலே கருவி முதன்முறை விழிப்பதற்குச் சற்று நேரம் எடுக்கும். செய்மதிகள் அனைத்தின் அட்டவணையும் முழுமையாக வந்துசேர 12½ நிமிடம் ஆகும். இணையம் இருந்தால் தொலைபேசி அதைக் குறுக்குவழியில் பெற்றுக்கொள்ளும். ஆதலால் வீட்டு முற்றத்திலேயே கருவியை இயக்கி, இடம் துலங்கியபின் புறப்படுதல் உத்தமம்.

இன்னொரு செய்தி வாவிக்கரைக்கே உரியது. வாகனங்களை ஏற்றிச் செல்லும் தட்டையான ஓடத்தை இப்பகுதி மக்கள் “பாதை” என்றே அழைக்கின்றனர். கருவியும் அதைப் பாதையாகவே எண்ணிவிடுகின்றது. தேசப்படத்திலே துறையைக் கடந்து ஒரு கோடு செல்கின்றது. கருவி அக்கோட்டின் வழியே பயணியைத் துறைக்கு அழைத்துவந்து நிறுத்துகின்றது. பாதையின் நேரம் முடிந்துவிட்டதை அது அறியாது. வந்த வழியே திரும்பிப் பாலத்தைத் தேட, இருளிலே பெற்றோலும் நேரமும் விரயமாகும். பெரும்பாலான செயலிகளில் ஓடத்தைத் தவிர்க்கும்படி கட்டளையிடும் வசதி உண்டு. மாலைப் பயணத்துக்கு முன் அதை இட்டுவைத்தல் வேண்டும்.

வண்டி ஓடும்போது திரையைப் பார்ப்பதும் ஆபத்தே. மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் செல்லும் வண்டி, ஒரு விநாடியில் ஏறத்தாழ 17 மீற்றர் ஓடிவிடும். மூன்று விநாடி திரையை நோக்கினால், 50 மீற்றரைக் கண்மூடிக் கடந்ததற்கு ஒப்பாகும். படுவான்கரை வீதியிலே அந்த 50 மீற்றருக்குள் மாடு நிற்கலாம். இரவிலே காட்டு யானையும் நிற்கலாம். ஆகையால் சந்திக்கு முன் நிறுத்தி, பார்த்து, பின் செல்லுதலே முறை.

கருவி அறியாதன இன்னும் உள. 2011 ஜனவரியில் இம்மாவட்டத்திலே பெருவெள்ளம் வந்தபோது வீதிகள் பல நீரில் மூழ்கின. அத்தகைய நாளிலும் தேசப்படத்தில் வீதி வீதியாகவே இருக்கும். தாம்போதியின் மேல் நீர் எவ்வளவு ஓடுகின்றது என்பதைச் சந்திக் கடைக்காரரும் வயலிலிருந்து திரும்புபவருமே அறிவர். மாரிகாலத்திலே அவர்களிடம் ஒரு வார்த்தை கேளாமல் தாம்போதியில் இறங்குதல் கூடாது.

தேசப்படத்திலுள்ள குறையோ நம்மால் நீக்கக்கூடியது. ஓப்பன் ஸ்ரீற் மப் பொதுமக்களாலேயே வரையப்படுவது. எவரும் அதிலே விடுபட்ட ஒழுங்கையைச் சேர்க்கலாம், பெயரை எழுதலாம். படுவான்கரைப் பாடசாலைகளின் உயர்வகுப்பு மாணவர்கள், புவியியல் ஆசிரியரின் மேற்பார்வையிலே, தம் ஊரின் வீதிகளையும் பாலங்களையும் தாம்போதிகளையும் அதில் சரியான தமிழ்ப் பெயரோடு பதிவு செய்வாராயின், அது பாடமுமாகும், ஊர்ப்பணியுமாகும். அதன்பின் சந்தியிலே தயங்கி நிற்கும் குடும்பநல உத்தியோகத்தரின் பழைய தொலைபேசி, மூன்று வழிகளுள் தாய் இருக்கும் வீட்டுக்குச் செல்லும் வழி எதுவென்பதை அவருக்குக் காட்டும்.