கட்டி முடியாத மதில் சொல்வது



கோட்டைகளின் வரலாறு என்று நாம் படித்தவை பெரும்பாலும் அவற்றைக் கட்டச் சொன்னவர்களின் வரலாறு. கல் சுமந்தவர்களும் சாந்து குழைத்தவர்களும் வேலை முடிந்ததும் வெளியேற்றப்படுகிறார்கள்; அவர்களோடு அவர்களின் தடமும் வெளியேறிவிடுகிறது. அந்தத் தடம் மண்ணுக்குள் தங்கிவிட்ட ஒரு கோட்டையைப் பற்றி இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

யோர்தான் ஆற்றில், ஹூலா பள்ளத்தாக்குக்கும் கலிலேயாக் கடலுக்கும் இடையே யாக்கோபின் துறை என்றொரு இடம் இருக்கிறது. அங்கே ஆற்றைக் கடக்கலாம். கடற்கரையிலிருந்து டமாஸ்கஸ் செல்லும் வழி அது. துறையைப் பிடித்தவர் கையில் வழியும் இருக்கும். 1178 அக்டோபரில் ஜெருசலேம் மன்னர் நான்காம் பால்ட்வின் அங்கே கோட்டை எழுப்பத் தொடங்கினார். தொழுநோயால் வாடிய இளைஞர் அவர். டமாஸ்கஸை ஆண்ட சலாஹுத்தீன், வேலையை நிறுத்தினால் 60,000 தீனார் தருவதாகச் சொன்னார். பிறகு 100,000 என்றார். மன்னர் மறுத்தார். கோட்டை டெம்ப்ளர் என்னும் துறவுப் படையினரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1179 ஆகஸ்ட் 24 அன்று முற்றுகை தொடங்கியது. சலாஹுத்தீனின் ஆட்கள் மதிலுக்கு அடியில் சுரங்கம் தோண்டித் தீ மூட்டினார்கள். மதிலின் தடிமன் முன்னால் அந்தத் தீ தோற்றது. இன்னும் ஆழமாகத் தோண்டத் தீயை அணைக்க வேண்டியிருந்தது; ஒரு தோல்பைத் தண்ணீர் கொண்டுவருபவருக்கு ஒரு தீனார் என்று அறிவித்தார்கள். மீண்டும் மூட்டிய தீயில் மதில் சரிந்தது. மன்னரின் படை வந்து சேரவில்லை. சுமார் 700 பேர் மாண்டார்கள், 800 பேர் சிறைபிடிக்கப்பட்டார்கள். கோட்டையை இடித்துவிட்டு வென்றவர்கள் திரும்பினார்கள்.

சலாஹுத்தீனின் செயலர் அல்-காதி அல்-பாதில் எழுதிய கடிதம் ஒன்று கணக்குச் சொல்கிறது. மதிலின் அகலம் பத்து முழத்துக்கும் மேல். கற்கள் 20,000க்கும் மேல். ஒரு கல்லுக்கு 4 தீனார் செலவு. உள்ளே 80 பிரபுவீரர்கள் இருந்தார்கள் என்று சொல்லும் அதே கடிதம், கொத்தனார், கொல்லர், தச்சர் இருந்ததையும் சொல்கிறது. கல்லின் விலை நமக்குத் தெரிகிறது. அதைச் செதுக்கியவரின் பெயர் தெரியவில்லை.

1993 முதல் எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகத்தின் ரோனி எல்லன்ப்ளம் குழு அங்கே அகழாய்வு செய்தது. மண்ணை விலக்கியபோது வெளிவந்தது ஒரு வேலைத்தளம். மண்வெட்டிகள், கொத்துகள், சாந்துக் கரண்டிகள், சுண்ணாம்புக் குவியல். அவற்றின் நடுவே அம்புமுனைகளும் சுமைவிலங்குகளின் எலும்புகளும். காவற்படையினர் எனக் கருதப்படும் ஐவரின் எலும்புகளையும் ஆய்ந்தார்கள். ஒருவருக்கு இடது முழங்கைக்கு மேலே கை துண்டாகியிருந்தது. தாடையிலும் மண்டையிலும் வாள் வெட்டு.

கோட்டை கட்டி முடிந்திருந்தால் அந்தக் கரண்டிகள் அங்கே கிடந்திருக்காது. தளத்தைக் கூட்டிப் பெருக்கி, கருவிகளை எடுத்துக்கொண்டு, அவர்கள் அடுத்த வேலைக்குப் போயிருப்பார்கள். நமக்கு மதில் மட்டும் மிஞ்சியிருக்கும், மன்னரின் பெயரோடு. வேலை பாதியில் நின்றதால்தான் வேலை செய்தவர்கள் வரலாற்றில் தங்கினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை உயிரும் விடுதலையும்.

இன்னொன்றும் உண்டு. அந்தக் கோட்டை நிலப்பிளவு ஒன்றின் மேலேயே நிற்கிறது. 1202 மே மாத நிலநடுக்கத்தில் மதில் 1.6 மீட்டர் விலகியது. 1759 அக்டோபரில் மேலும் அரை மீட்டர். நிலவியலாளர்களால் இதை எப்படி அளக்க முடிந்தது? மதில் நேராக இருந்ததால். கொத்தனார் நூல் பிடித்துக் கட்டிய நேர்கோடு, எண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு பூமியின் அசைவுக்கே அளவுகோலானது. எழுத்து மறந்த ஒருவரின் கைத்திறனைச் சுவர் மறக்கவில்லை.

நம்மில் பலர் கல்லுடைத்த, சித்தாளாகச் சாந்துச்சட்டி தூக்கிய வீடுகளிலிருந்து வந்தவர்கள். ஆகவே இந்தக் கோட்டையை வாசிக்கும் உரிமை நமக்கு உண்டு. இதை எவர் கட்டுவித்தார், எவர் வென்றார் என்ற கேள்விகளுக்குப் பதில் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. கருவிகள் யாருடைய கையில் இருந்தன என்ற கேள்வியை நாம் கேட்க வேண்டும். ஏட்டில் பதில் இல்லையென்றால் மண்ணிடம் கேட்க வேண்டும். ஒரு சாந்துக் கரண்டியை ஒரு வாளுக்கு நிகரான சான்றாக வைத்துப் பேச நாம் பழக வேண்டும். நம் எழுத்துக்கும் அதுவே வேலை என்று கருதுகிறோம்.

ஜெய்பீம்.