ஆங்கில இலக்கணம் கற்கும் வழி



ஆங்கிலம் என்றதும் நம்முள் ஒரு சாரார் மயங்குகின்றனர்; மற்றொரு சாரார் அஞ்சுகின்றனர். இரண்டும் வேண்டா. 1987ஆம் ஆண்டு நிறைவேறிய பதின்மூன்றாம் அரசியலமைப்புத் திருத்தம் இந்நாட்டில் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என வகுத்தது. ஆதலின் அது நமக்கு வேண்டிய ஒரு கருவி. அதனைக் கையாளப் பழகுவது நமது கடன்.

எங்கே தொடங்குவது? தமிழிலக்கணத்திலேயே தொடங்கலாம் என்பது எமது துணிபு. எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்பவற்றை ஐயமற அறிந்தவர்க்கு ஆங்கில வாக்கியத்தின் பாதி விளங்கிவிடும். மற்றப் பாதி, இரு மொழிகளும் வேறுபடும் இடங்களை அறிவதாகும். அவற்றுள் நான்கை மாத்திரம் இங்கே கூறுவோம்.

முதலாவது, சொற்களின் வரிசை. 'இராமன் வாலியைக் கொன்றான்' என்பதை 'வாலியை இராமன் கொன்றான்' என மாற்றினும் பொருள் மாறாது; 'ஐ' உருபு காத்து நிற்கும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அவ்வுருபு இல்லை. 'ராமா கில்ட் வாலி' என்பதைப் புரட்டி 'வாலி கில்ட் ராமா' என்றால் இராமாயணமே தலைகீழாகிவிடும்! ஆகவே எழுவாய் முன்னும், வினை நடுவிலும், செயப்படுபொருள் பின்னுமாக நிற்றல் வேண்டும்.

இரண்டாவது, எழுவாயை விடாது கூறல். 'வந்தேன்' என்றாலே வந்தவர் யார் என்பதை விகுதி காட்டிவிடும். ஆங்கிலத்தில் 'கேம்' என்றால் யாரும் வந்திருக்கலாம். 'ஐ கேம்' என்றே சொல்லல் வேண்டும். நிகழ்காலப் படர்க்கை ஒருமைக்கு மாத்திரம் ஓர் 'எஸ்' சேரும்: 'ஐ ரன்', 'ஹி ரன்ஸ்'.

மூன்றாவது, 'அவர் ஆசிரியர்' போன்ற வாக்கியங்கள். தமிழில் இது பெயர்ப்பயனிலை கொண்டு முற்றுப்பெறும். ஆங்கிலத்திலோ வினை வேண்டும்: 'ஹி இஸ் எ ரீச்சர்'. நம் பிள்ளைகள் 'இஸ்' என்பதை விட்டுவிடுவது தாய்மொழிப் பழக்கத்தினாலன்றி அறிவுக் குறைவினாலன்று.

நான்காவது, உருபின் இடம். 'வீட்டில்' என்பதில் உருபு பின்னே வரும். 'இன் த ஹவுஸ்' என்பதில் 'இன்' முன்னே வரும்.

தமிழ்ப்பற்று ஆங்கிலத்துக்குத் தடையெனக் கருதுவோரும் உளர். ஆங்கிலம் கற்று, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணைநின்ற ஆறுமுக நாவலரே தமிழில் 'இலக்கணச் சுருக்கம்' எழுதினார் என்பதை அன்னார் நினைத்தல் நன்று.

வாலிப அன்பர்களே, நாள்தோறும் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். ஒவ்வொன்றிலும் எழுவாயையும் வினையையும் கோடிட்டுப் பாருங்கள். மறுநாள் அவற்றையே இறந்தகாலத்துக்கு மாற்றி, வாய்விட்டு வாசியுங்கள்.

பெரியோர்களே, உங்களுக்கு ஒரு விண்ணப்பம். பிழைபடப் பேசும் பிள்ளையைப் பார்த்துச் சிரியாதீர்கள். ஒரு சிரிப்பு அப்பிள்ளையின் நாவைப் பல்லாண்டு கட்டிவிடும்; அன்போடு செய்யும் ஒரு திருத்தம் அடுத்த வாக்கியத்தைப் பேசவைக்கும்.