தாத்தா வீடு திரும்புகிறார்



பால்மரம் வெட்டியே பிள்ளைகளை ஆளாக்கிய ஒரு பெரியவரை நினைத்துக்கொள்வோம். சில ஆண்டுகளாக அவருக்கு மறதி நோய். ஆனாலும் தாமே குளிப்பார், தாமே சாப்பிடுவார். காய்ச்சல் கண்டு மருத்துவமனையில் சேர்த்தார்கள். மூன்றாம் நாள், பெற்ற மகளையே அவருக்கு அடையாளம் தெரியவில்லை. விடியற்காலை 4 மணிக்குப் "பெரட்டுக்கு நேரமாச்சு" என்று கட்டிலைவிட்டு இறங்குகிறார். "இனி வீட்டில் வைத்துப் பார்க்க முடியாது, முதியோர் இல்லந்தான் வழி" என்று குடும்பத்தார் பேசத் தொடங்குகிறார்கள்.

இது எங்கோ நடப்பதன்று. மலேசியாவில் 60 வயதைத் தாண்டியோரில் நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் மேலாக மறதி நோய் இருக்கக்கூடும் என்று 2018ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு கூறிற்று.

முடிவு செய்யுமுன் நாம் ஒன்றை அறிய வேண்டும். மறதி நோய் பெரும்பாலும் மெல்ல மெல்ல முற்றுவது. இரண்டு மூன்று நாளில் ஒருவர் தலைகீழாக மாறினால் வேறு காரணம் இருக்கலாம். சிறுநீரில் கிருமித் தொற்று, உடலில் நீர் வற்றுதல், மலச்சிக்கல், வலி, புதிய மருந்து ஆகியவை முதியோரின் சிந்தனையைக் குழப்பிவிடும். காரணத்தைக் கண்டு சிகிச்சை செய்தால், சில நாளிலோ சில வாரங்களிலோ பலருக்குக் குழப்பம் தணியும். முழுதும் தேறாதவரும் உண்டு. எனினும், கட்டிலில் கண்ட கோலத்தை மட்டும் வைத்து முடிவு கட்டலாகாது.

படுத்தே இருந்தால் கால் பலம் விரைவில் குறையும். ஆகவே, "வீட்டில் நடமாடியவர்தாம்" என்பதைத் தாதியரிடம் சொல்வோம். அவர்கள் அனுமதியோடு நடக்க வைப்போம். மூக்குக்கண்ணாடி, பல்செட் இரண்டையும் மறவாமல் கொண்டுபோய்க் கொடுப்போம்.

புறப்படுமுன் டாக்டரிடம் நான்கு கேள்விகள் கேட்போம். குழப்பத்துக்குக் காரணம் என்ன? எந்த மருந்து புதிது, எது நிறுத்தப்பட்டது? நடக்க, குளிக்க எவ்வளவு உதவி தேவை? மறுபடி எங்கே, எப்போது காட்ட வேண்டும்? பதில்களைத் தாளில் எழுதி வாங்கிக்கொள்வோம்.

வீட்டில் அவர் கட்டில் பழைய இடத்திலேயே இருக்கட்டும். கழிவறைக்குப் போகும் வழியில் இரவு முழுதும் விளக்கு எரியட்டும். களைக்கொல்லி, மருந்து, கத்தி ஆகியவற்றைப் பூட்டி வைப்போம். சட்டைப் பையில் நம் தொலைபேசி எண் எழுதிய சீட்டு இருக்கட்டும். அக்கம்பக்கத்தாரிடமும் சொல்லி வைப்போம்.

மறுபடியும் 4 மணிக்கு எழுந்தால் வாதாட வேண்டாம். கழிவறைக்குப் போக வேண்டுமா என்று முதலில் பார்ப்போம். பிறகு, "வெளியே இன்னும் இருட்டா இருக்குப்பா, தேத்தண்ணி குடிச்சுட்டுப் பேசலாம்" என்று பக்கத்தில் உட்காருவோம். ஆயுள் முழுதும் அந்த நேரத்தில் எழுந்து நம்மை வளர்த்தவர் அன்றோ!

காய்ச்சல், விழுந்து அடிபடுதல், தண்ணீரும் குடியாமை, எழுப்ப முடியாத மயக்கம் ஆகியவை கண்டால் தாமதியாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் 999.

கடைசியாக ஒன்று. இந்தப் பாரம் முழுவதையும் ஒரு மகள் அல்லது மருமகள் தலையில் ஏற்றிவிடலாகாது. இரவுக்காவலைப் பிள்ளைகள் முறைபோட்டுப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். எல்லா முயற்சியும் செய்த பிறகும் வீட்டில் பார்க்க இயலாவிட்டால், வெளியுதவி நாடுவது குற்றமன்று. ஆனால் அந்த முடிவு, குழப்பம் தணிந்தபின் எடுக்கும் முடிவாக இருக்கட்டும்.