ரப்பர் பாலும் நல்ல உறக்கமும்

அம்பூரி மலைச்சரிவில் விடியுமுன் வெட்டி எடுக்கும் ரப்பர் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். அதை 60 சதவீதமாகச் செறிவாக்கி, நுரைக்க அடித்து, அச்சில் வேகவைத்தால் லேடெக்ஸ் மெத்தை. சாதாரண ஃபோம், பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலியூரித்தேன். மழையும் புழுக்கமும் மிகுந்த நம் ஊருக்கு, காற்றோட்டமே முதல் அளவுகோல். அடர்த்தி குறைந்த ஃபோம் சூட்டைத் தேக்கும், சீக்கிரம் குழிவிழும். ஸ்பிரிங் மெத்தையில் காற்று புகும். ஆனால் ஈரம் தங்கினால் கம்பி துருப்பிடிக்கலாம். லேடெக்ஸில் அச்சின் ஊசிகள் விட்ட துளைகள் காற்றை விடும். அழுத்தம் நீங்கியதும் அது பழைய வடிவுக்கு மீளும். ஆகவே, வசதியுள்ளவர்களுக்கு லேடெக்ஸே ஏற்றது.

விலை அதிகமே என்பீர்கள், உண்மைதான். கனமும் அதிகம், ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்கவே வேண்டும். அவர்களுக்கு ஸ்பிரிங்கோ அடர்த்தி மிகுந்த ஃபோமோ போதும். கட்டாந்தரைதான் முதுகுக்கு நல்லது என்பாரும் உண்டு. ஆனால் 2003இல் லான்செட் இதழில் வந்த ஸ்பெயின் ஆய்வில், நாள்பட்ட இடுப்புவலி கொண்ட 313 பேரில், கடின மெத்தையைவிட நடுத்தர உறுதியுள்ள மெத்தையில் படுத்தவர்களே 90 நாளில் கூடுதல் நலம் கண்டனர். எனவே பொருள் எதுவானாலும் கடையில் பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். இடுப்பு அமிழாமலும் தோளை நெருக்காமலும் இருந்தால், அதுவே உங்கள் மெத்தை.