இனிஷியல் இல்லாத டிரைவர்

இன்னைக்கு ‘நல்’ பத்திப் பேசலாம். பேருதான் நல், டேட்டாபேஸ்ல அது பண்ற வேலை அவ்வளவு நல்லதில்ல.

நாமக்கல்லில் ஒரு லாரி ஆபீசுக்கு டிரைவர்களோட பேட்டா லிஸ்ட் எடுக்க ப்ரோக்ராம் எழுதிக் கொடுத்தேன். மைஎஸ்கியூஎல்தான். இனிஷியல், புள்ளி, பெயர் மூன்றையும் கான்கேட் ஃபங்ஷனில் ஒட்டினேன். டெஸ்ட் பண்ணினப்போ சரியாத்தான் வந்துச்சு.

தீபாவளிக்கு முந்தின வாரம் லிஸ்ட்டில் சில வரிகளில் பெயரே இல்லை. தொகை மட்டும் இருக்கு. கணக்குப்பிள்ளை தப்பான வரின்னு நினைச்சு அடிச்சுட்டார். வயசான டிரைவர் ஒருத்தர் வந்து கேட்டார்: “ஏனுங்க தம்பி, இருபது வருசமா வண்டி ஓட்டுறேன், என் பேரு இல்லீங்களா?”

அவருக்கு இனிஷியல் கிடையாது. அந்த ஃபீல்டில் நல். நல் என்றால் காலி இல்லை. ‘தெரியாது’ என்று அர்த்தம். தெரியாத ஒன்றோடு தெரிந்ததை ஒட்டினால் விடையும் தெரியாதுதான். அதனால் முழுப் பெயரும் போய்விட்டது.

முதலில் கோயலெஸ் போட்டு, நல்லுக்குப் பதிலா காலி எழுத்து கொடுத்தேன். பெயர் வந்துச்சு, ஆனா முன்னாடி ஒரு அநாதைப் புள்ளி நின்னுச்சு. சரியான வழி, கான்கேட் அண்டர்ஸ்கோர் டபிள்யூஎஸ். முதலில் இடையில் வர வேண்டிய புள்ளியைக் கொடுக்கணும். நல்லை அது தாண்டிப் போயிடும், புள்ளியும் போடாது. ஆனா காலி எழுத்தைத் தாண்டாது. அதனால இனிஷியலை நல்இஃப் போட்டு, காலியா இருந்தா நல்லா மாத்திக்கணும்.

வேறு டேட்டாபேஸுக்கு மாறினால் கவனம். ஆரக்கிளில் இரண்டு செங்குத்துக் கோடு போட்டு ஒட்டினால் நல் காலியாகவே நடத்தப்படும். போஸ்ட்கிரெஸ்ஸில் அதே கோடு முழுவதையும் நல் ஆக்கிவிடும். அங்கே கான்கேட் நல்லை விட்டுவிடும்.

“இனிஷியலைக் கட்டாயமாக்கிடலாமா?”ன்னு ஆபீசில் கேட்டாங்க. வேண்டாம்னேன். கட்டாயமாக்கினா எக்ஸ்னோ கோடுன்னோ எதையாவது அடிச்சு வைப்பாங்க. அந்த அண்ணனை வளர்த்தது அவர் அம்மா மட்டும்தான். இல்லாததை இல்லைன்னு வைக்கிறதுதான் மரியாதை.

அன்னைக்குச் சாயங்காலமே அவருக்குப் பேட்டா கொடுத்தாச்சு. இப்ப என் டெஸ்ட் டேட்டாவில் முதல் ஆளே இனிஷியல் இல்லாதவர்தான். உங்க லிஸ்ட்டிலும் ஒருத்தரைச் சேர்த்துப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.